கேபிளில் பழுது என்று எழுதிக் கொடுத்த நாள்

போன வாரம் என்னோடு வேலை பார்த்தவர்களின் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. இப்போது கண்டிப் பக்கத்து வேலைகளைப் பார்க்கிற தினேஷ் போட்டிருந்தார். மேசைமேல் விரல் பருமனில் ஒரு கறுப்புக் கேபிள் சுருண்டு கிடந்தது. இணையத்தில் பாட்டுக் கேட்கும் வாடிக்கையாளர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததாம். ரவுட்டரிலிருந்து பாட்டுப் பெட்டிக்குப் போகிற ஆறடி வயர் உயர்ந்த சாதியாக இருந்தால் பாடகர் மூச்சு இழுப்பதுகூடத் தனியாகக் கேட்குமாம். குழுவில் இருந்தவர்கள் சிரித்துத் தள்ளினார்கள். தினேஷ் மட்டும் என்னைப் பெயர் சொல்லிக் கேட்டார். "அண்ணே, நீங்க முப்பத்தஞ்சு வருஷம் வயரோடயே கெடந்தவரு. நெசமாவே இதுல வித்தியாசம் இருக்கா?"

இல்லை என்று ஒரு சொல்லில் பதில் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்று முழுக்க மனது சரியில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லவேண்டிய இடத்தில் நான் ஒருமுறை சொல்லாமல் இருந்திருக்கிறேன். அதனால் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டலாம், நான் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

நான் தொலைபேசிக் கொம்பனியில் சேர்ந்தபோது எல்லாம் செம்புக் கம்பிதான். முதல் ஐந்தாறு வருடங்கள் தூணில் ஏறியும், மழையில் நனைந்தும், அட்டைக்கு இரத்தம் கொடுத்தும் போய்விட்டன. அதில் சொல்ல அதிகம் இல்லை. வேலையை எனக்குச் சரியாகப் பழக்கியது மேற்பார்வையாளர் ஹனீபா சேர். கெலிஓயாக்காரர். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனை. ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் கருவிப் பையைத் திறக்கமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுக்காரர் உட்காரச் சொல்லும்வரை நிற்பார். பிறகு தரையைப் பார்த்தபடி அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்பார். குறுக்கே ஒரு கேள்வி கேட்கமாட்டார். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் கால் கடுக்கும்.

வேலைத் தாளை எப்படி நிரப்ப வேண்டும் என்பதில் அவர் படுத்திய பாடு கொஞ்சமில்லை. தாளில் மூன்று வரிகள் இருக்கும். வாடிக்கையாளர் சொன்ன குறை முதல் வரி. நாம் சோதித்துக் கண்டது இரண்டாம் வரி. நாம் செய்த வேலை மூன்றாம் வரி. எங்களில் பலர் முதல் வரியில் உள்ளதையே கொஞ்சம் மாற்றி இரண்டாம் வரியில் எழுதிக் கொடுத்துவிடுவோம். சேர் அதை வாசித்துவிட்டுத் தாளை மடித்து நம் கையிலேயே திருப்பித் தருவார். "கஸ்டமர் செல்றது ஒரு வரி, நீங்க கண்ணால பாத்தது ஒரு வரி. ரெண்டையும் கலக்க வாணாம். கலந்தா நாளைக்கு யாருக்கும் உண்மை தெரியாமப் போயிரும்." சத்தம் போடமாட்டார். அதனாலேயே எனக்கு அவரிடம் பயம் அதிகம்.

இணையம் வந்து, பாட்டு அதன் வழியாக வரத் தொடங்கிய காலத்தில் தெல்தெனியப் பக்கம் ஒரு வன்பொருள் கடை முதலாளியின் வீட்டுக்கு சேரோடு போனேன். சேர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முந்தி. முதலாளி நல்ல பெட்டி, நல்ல ஸ்பீக்கர் எல்லாம் வைத்திருந்தார். கேபிள் சரியில்லை, பாட்டின் ருசியே போய்விட்டது, 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் வேறு என்று சொன்னார். சேர் ஒவ்வொரு வயராகக் கழற்றிக் கழற்றிக் காதைக் கொடுத்தார். ரவுட்டர் கேபிளைக் கழற்றியதும் இரைச்சல் நின்றது, மாட்டியதும் வந்தது. அது தகட்டு உறை போட்ட கேபிள். வீட்டின் புவி இணைப்பில் இருந்த கோளாறு அந்த உறை வழியாக ஸ்பீக்கருக்குள் வந்துகொண்டிருந்தது. உறை இல்லாத சாதாரண கேபிளைப் போட்டோம், இரைச்சல் போய்விட்டது. புவி இணைப்பை உடனே திருத்தச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். இப்போது பாட்டே தேன் மாதிரி இருக்கிறது, குரல் எல்லாம் மாறிவிட்டது என்றார். சேர் அதற்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் இரண்டாம் வரியில், இரைச்சல் நின்றது, மற்றபடி சத்தத்தில் மாற்றம் இல்லை என்று எழுதினார். வரும் வழியில் எனக்கு விளக்கினார். இணையத்தில் பாட்டு எண்களாகத்தான் வருகிறது. வழியில் சில எண்கள் தொலைந்தால் பெட்டி மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். கேபிள் படு மோசமென்றால் பாட்டு திக்கும், அல்லது நின்றுபோகும். ஒருபோதும் மங்காது. தபால்காரரின் சைக்கிள் பழசானால் கடிதம் பிந்தலாம், கடிதத்தில் எழுதியிருப்பது மாறுமா என்று கேட்டார். இவ்வளவும் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கதையை எழுதினேன். தெரியாமல் செய்த பிழை என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

என் கடைசி வருடத்தில்தான் பரமேஸ்வரி டீச்சரின் முறைப்பாடு வந்தது. கட்டுகஸ்தோட்டையில், பாலம் தாண்டி மேட்டில் வீடு. ஐம்பது படி ஏற வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் முப்பது வருடம் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், காலமாகிவிட்டார். ஒரே மகன் மெல்பேர்னில் இருந்தார். அம்மா தனியாக இருக்கிறாரே என்று அவர்தான் பாட்டுப் பெட்டியும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கி அனுப்பியிருந்தார். வெளிநாட்டிலிருக்கும் நாலைந்து பிள்ளைகளுக்கு டீச்சர் அதே இணையத்தின் வழியாகப் பாட்டும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பொழுது விடிவதே அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் என்று பக்கத்து வீட்டம்மா பிறகு சொன்னார்.

"வாங்கோ தம்பி. இடப்பக்கம் பஞ்சு அடைச்ச மாதிரிக் கிடக்குது. உங்கட ஆக்கள் வயர் மாத்திப்போட்டுப் போன நாளிலயிருந்து இப்பிடித்தான். இண்டைக்கு நாலு நாள்."

எங்கள் ஆட்கள் ரவுட்டரை வேறு அறைக்கு மாற்றியது உண்மைதான். முதலில் கேபிளைச் சோதனைக் கருவியில் போட்டுப் பார்த்தேன். எட்டுக் கம்பியும் ஒழுங்காக இருந்தன. பெட்டியின் திரையிலும் ஒரு பிழை இல்லை. ஓர் இரைச்சலும் இருக்கிறது என்றார். தெல்தெனிய வீடு எனக்கு ஞாபகம் வந்தது. கேபிளைக் கழற்றினேன், இரைச்சல் இருக்கிறது என்றார். ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் சுவரில் மின்சாரத்தையே நிறுத்தினேன். வீடு அமைதியாகிவிட்டது. தூரத்தில் பாலத்து பஸ்களின் சத்தம் மட்டும்.

"இப்ப நின்னுருச்சாங்க டீச்சர்?" என்று கேட்டேன். அவர் தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "இல்லை தம்பி. கேக்குது. இது ஒரு சுருதியிலயும் சேராத சத்தம்."

கோளாறு பெட்டியில் இல்லை என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் முறைப்படி எல்லாம் செய்தேன். இடம் வலம் வயர்களை மாற்றி மாட்டினேன். மங்கல் இடப்பக்கமே நின்றது. ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றி வைத்தேன். அதே இடப்பக்கம். ஒரு பொருளில் குறை என்றால் பொருள் போகும் இடத்துக்குக் குறையும் போக வேண்டும். அது எங்கள் வேலையின் முதல் பாடம். கடைசியாக, அவர் உட்கார்ந்திருந்த கதிரையைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னேன். பாட்டைப் போட்டுவிட்டு, இப்போது எந்தப் பக்கம் என்று கேட்டேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு இடது கையை உயர்த்தினார். ஒரு நிமிடத்துக்கு முன் மிக நன்றாகக் கேட்கிறது என்று அவரே பாராட்டிய ஸ்பீக்கர் அந்தப் பக்கம்தான் இருந்தது.

அவர் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார். கையை இறக்கினார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்ர காதிலதான் பிழை எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ தம்பி. நான் பாட்டு டீச்சர்."

அந்தச் சிரிப்பைத்தான் நான் சாட்டாக வைத்துக்கொண்டேன். அவர் காது எப்படிப்பட்டது என்று கண்டியில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நானோ வயர் மாட்ட வந்தவன். அவரிடம் போய் உங்கள் இடது காது கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? வயதானால் காது மந்தமாவது உலக வழக்கம், அது நாலு நாளில் வருவதில்லை என்பதை யோசிக்க எனக்கு அறிவு போதவில்லை. இது காது வைத்தியர் வேலை, என் வேலையில்லை என்றும் ஒரு நினைப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த முகத்தைக் கலங்க வைத்துவிட்டு ஐம்பது படி இறங்கிப் போக எனக்குத் தைரியம் இல்லை. நல்ல பிள்ளையாகப் பெயர் வாங்க ஆசைப்பட்டேன்.

பையிலிருந்து புதுக் கேபிள் ஒன்றை எடுத்து மாட்டினேன். பழையதில்தான் கோளாறு, இனிச் சரியாகிவிடும் என்றேன். டீச்சர் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டார். இப்போது கொஞ்சம் பரவாயில்லை என்றார். கேட்க வேண்டும் என்று விரும்புகிறவருக்குக் கேட்கத்தானே செய்யும். இரண்டாம் வரியில், கேபிளில் பழுது என்று எழுதினேன். மூன்றாம் வரியில், மாற்றப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அவர் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தேன்.

அந்தத் தாளின் பிரதி ஒன்று டீச்சரிடம் இருக்கும். அவர் அதைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பியிருக்கிறார். மகன் இந்தக் கேபிள் விஷயங்களையெல்லாம் இணையத்தில் வாசித்து நம்புகிறவர். கொம்பனிக்காரனே ஒப்புக்கொண்டுவிட்டானே, இனி அந்த மலிவு வயரே வேண்டாம், நான் நல்லதாக ஒன்று அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் கழித்து டீச்சர் எனக்குப் போன் எடுத்தார். மறுபடி மங்கிவிட்டதாம். மகன் கேபிள் அனுப்பியிருக்கிறாராம், வந்ததும் மாட்டித்தர முடியுமா என்று கேட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது, அதையும் விட்டேன். வந்ததும் சொல்லுங்கள், ஓடி வருகிறேன் என்றேன்.

பார்சல் சுங்கத்தில் கிடந்து, தபால் கந்தோரில் கிடந்து, மூன்று வாரத்துக்கும் மேலானது. அத்தனை நாளும் டீச்சர் அந்தக் கேபிளுக்காகக் காத்திருந்தார். பிள்ளைகளிடம் பெட்டி பழுது, திருத்தி வருகிறது என்று சொல்லி வகுப்புகளைத் தள்ளிப் போட்டிருந்தார்.

கடைசியில் வந்தது தினேஷ் படம் போட்டதைப் போலவே தடித்த கேபிள். நான் மாட்டினேன். டீச்சர் கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பாட்டு முழுவதும் ஓடியது. அவர் கண்ணைத் திறக்காமலே, வித்தியாசம் இல்லை என்றார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. ஒருக்கால் காதை வைத்தியரிடம் காட்டிப் பார்க்கச் சொன்னேன். டீச்சர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஓம், காட்டிப் பார்க்கிறேன் என்றார்.

அடுத்த நாளே கண்டியில் ஒரு காது வைத்தியரிடம் போயிருக்கிறார். திடீரென்று ஒரு காதின் நரம்பு செயலிழந்து போகிற நோயாம் அது. ஏன் வருகிறது என்று பெரும்பாலும் தெரியாதாம். முதல் சில நாட்களுக்குள் போனால் மருந்து கொடுத்துப் பார்க்கலாம், பலருக்குக் கேட்கும் சக்தி திரும்பியிருக்கிறது, இவ்வளவு நாளான பிறகு நம்பிக்கை குறைவு என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் மாத்திரை கொடுத்தார், காதுக்குள் ஊசியும் போட்டார். பலனில்லை. முன்பே வந்திருந்தால் நிச்சயம் சரியாகியிருக்குமா என்று டீச்சர் கேட்டதற்கு, ஒருவேளை என்றாராம். அந்த ஒருவேளையை நான் இன்றைக்கும் சுமந்துகொண்டு திரிகிறேன். நிச்சயம் என்றோ, இல்லவே இல்லை என்றோ சொல்லியிருந்தால் ஒரு பக்கமாக அழுது தீர்த்திருக்கலாம்.

இதையெல்லாம் டீச்சர்தான் போனில் சொன்னார். எந்தக் கோபமும் இல்லாமல், வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரி ஒழுங்காகச் சொன்னார். அடுத்த ஞாயிறு கெலிஓயாவுக்குப் போய் ஹனீபா சேரைப் பார்த்தேன். முழங்கால் வலியோடு வீட்டுக்குள்ளேயே இருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை, எப்போதும்போலத் தரையைப் பார்த்தபடி கேட்டார். "ரெண்டாம் வரில என்ன எழுதின?" என்றார். சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மகளைக் கூப்பிட்டு எனக்குச் சாப்பாடு போடச் சொன்னார்.

பிறகு ஒரு நாள் டீச்சர் மறுபடி கூப்பிட்டார். ஒற்றைக் காதால் கேட்கிறவருக்கு இரண்டு ஸ்பீக்கரிலும் தனித்தனியாகப் பிரிந்து வரும் சத்தம் பாதிப் பாட்டாகத்தான் இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து வரும்படி மாற்றித்தர முடியுமா என்று கேட்டார். கொம்பனி வேலையாக இல்லாமல் விடுமுறை எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியில் அதற்கான அமைப்பு இருந்தது, மாற்றினேன். ஒரு ஸ்பீக்கரைக் கழற்றித் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தேன். மற்றதை அவர் கதிரைக்கு வலப்பக்கம் கொண்டுவந்து வைத்தேன். பிள்ளைகளை வேறு ஆசிரியரிடம் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். காதுக்குள் அந்த இரைச்சல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும்போது சுருதி பிடித்துக் கொடுப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம் என்றார். தம்புராப் பெட்டியும் மூடியிருந்தது.

நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"தம்பி, முதல் நாள் கதிரையத் திருப்பிப் போட்டனீங்கள். அண்டைக்கே உங்களுக்கு விளங்கினதோ?"

பொய் சொல்ல நினைத்தேன். எழுதிக்கொடுத்த பொய்யே போதும் என்று தோன்றியது.

"வெளங்குச்சுங்க டீச்சர்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்க சொல்லிறாதீங்கன்னு சொன்னீங்க."

"அது சிரிச்சுச் சொன்ன பகிடி" என்றார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "நான் முப்பது வருஷமாப் பிள்ளையளுக்கு, சுருதி சேரேல்லை எண்டு முகத்துக்கு நேர சொல்லியிருக்கிறன் தம்பி. ஒரு பிள்ளையும் அதால செத்துப்போகேல்லை."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்க்காமல், பாட்டை ஓடவிட்டு, வலப்பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்கத் தொடங்கினார். நான் அவருடைய இடப்பக்கத்தில் நின்றிருந்தேன். அது கேட்காத பக்கம் என்று எனக்குத் தெரியும்.

"என்னய மன்னிச்சிருங்க டீச்சர்" என்றேன்.

வாய் அசைந்ததை மட்டும் கண்டிருக்க வேண்டும். முகத்தை முழுதாகத் திருப்பி, வலது காதை என் பக்கம் காட்டி, என்ன சொன்னனீங்கள் என்று கேட்டார்.

"சத்தம் போதுமான்னு கேட்டேங்க" என்றேன்.

போதும் என்று தலையாட்டிவிட்டுப் பாட்டுக்குத் திரும்பினார். கதிரையைச் சுற்றி மறுபக்கம் போக நாலு அடிதான். நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.